ஆடியில் விதைத்தேன், ஐப்பசியில் காய்ப்பு நின்றது: செந்தூல் அடுக்குமாடியில் என் முதல் பருவம்

1. செந்தூல் ஏழாம்மாடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஏழாம் மாடியில் மனைவியோடும் பாட்டியோடும் வசிக்கிறேன். கடந்த ஜூலை வரை ஒரு கறிவேப்பிலைக் கன்றைக்கூட மூன்று மாதம் உயிரோடு வைத்திருந்தவன் அல்லன். பாட்டி தோட்டப்புறத்தில் வளர்ந்தவர். லயத்து வீட்டுக் கொல்லையில் தாங்கள் போடாத காயே இல்லை என்பார். "ஆடிப் பட்டம் தேடி விதை" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்ததால், ஆடி பிறந்த மறுநாளே, ஜூலை 18ஆம் தேதி, விதை போட்டேன். இப்போது நவம்பர் நடுப்பகுதி. நான்கு மாதக் கணக்கை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். எங்கே தவறினேன் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செலாயாங் மொத்தச் சந்தையில் சரக்கு வந்திறங்கும் பாலிஸ்டைரின் பெட்டிகளில் ஆறு கேட்டு வாங்கி, கழுவி, அடியில் துளையிட்டேன். சுங்கை பூலோ நர்சரி வரிசையில் மண்ணும் எருவும் மணலும் வாங்கி, கடைக்காரர் சொன்ன 3:2:1 கணக்கில், மண் மூன்று பங்கு, மக்கிய எரு இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு என்று கலந்தேன். அது ஐந்து பெட்டிக்குத்தான் வந்தது. ஆறாவது பெட்டிக்குக் கீழ்மாடிக்காரர், தம்முடைய பட்டுப்போன கத்தரிச் செடியைப் பிடுங்கிவிட்டுத் தொட்டி மண்ணைக் கொடுத்தார். காசில்லாமல் கிடைத்ததே என்று மகிழ்ச்சியோடு கொட்டிக்கொண்டேன்.

வெண்டை ஆறு செடிகள். நான்காம் நாள் முளைத்தன. செப்டம்பர் முதல் வாரத்தில் பூத்தன. அதன்பின் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் நான்கைந்து காய் பறித்தேன். பாட்டி அவற்றை முறித்துப் பார்த்து, "நுனி ஒடிகிறது, பிஞ்சுதான்" என்று சான்றிதழ் கொடுத்த நாள் எனக்குப் பெரிய நாள். அக்டோபர் பிறந்ததும் எல்லாம் மாறிவிட்டது. தண்டு நெடுநெடுவென்று வளர்ந்து கம்பிக்கு வெளியே சாய்ந்தது. மொட்டுகள் மஞ்சளாகி உதிர்ந்தன. இந்த மாதம் இதுவரை பறித்தது இரண்டே காய்.

தக்காளி மூன்று செடிகள் (இவைதான் அந்த ஆறாவது பெட்டியில் இருப்பவை). பூத்தன, ஆனால் பூவெல்லாம் காம்போடு விழுந்தது. பிறகு அக்டோபரில் ஒரு செடி, காலையில் திடமாக நின்றது, பிற்பகலில் தலை தொங்கியது. இரவில் நிமிர்ந்து, மறுநாள் மறுபடி தொங்கி, மூன்றாம் நாள் எழவே இல்லை. இலை பழுக்கவில்லை, மண்ணும் ஈரமாகவே இருந்தது. ஒரு வாரத்தில் இரண்டாவது செடியும் அப்படியே போனது. மூன்றாவது நேற்றுத் தொங்கத் தொடங்கியிருக்கிறது.

பாகற்கொடி ஜன்னல் கம்பியெல்லாம் படர்ந்து நாள்தோறும் பத்துப் பூ பூத்தும் காய் பிடிக்கவில்லை. பிடித்த ஒன்றிரண்டும் விரல் நீளத்தில் மஞ்சளாகி, உள்ளே புழு நெளிந்தது. மிளகாயின் இளந்தளிர்கள் சுருண்டுகொண்டன. கடையில் வாங்கிய பப்பாளியின் விதையைப் போட்டு, மூன்று கன்றுகள் என் இடுப்பளவு வளர்ந்திருக்கின்றன. கங்குங் மட்டும் எந்தக் குறையும் சொல்லாமல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை கீரை கொடுத்தது.

செலவு ஏறத்தாழ 240 வெள்ளி (ரிங்கிட்). ஒரு வெண்டைக்காய்க்கு எவ்வளவு விழுந்தது என்று மனைவி கணக்குப் போடுவதற்குள் உதவுங்கள்.

2. புக்கிட் ஜாலில் மண்வெட்டி எழுதியது:

வணக்கம் சகோதரரே. மூன்று மாதத்தில் பெட்டி மண்ணின் சத்து தீர்ந்திருக்கும். அதுவும் நம் ஊர் மழை எருவைக் கரைத்துக் கொண்டுபோய்விடும். 15-15-15 பாஜா (உரம்) செடிக்கு ஒரு தேக்கரண்டி வீதம் இரு வாரத்துக்கு ஒருமுறை போடுங்கள்; வெண்டை மறுபடி காய்க்கும். அரிசி கழுவிய நீரும் ஊற்றலாம்.

3. கெப்போங் கங்குங் எழுதியது:

பாஜா போடுவதற்கு முன் ஒரு கேள்வி. உங்கள் பால்கனி எந்தத் திசையைப் பார்க்கிறது? வெளியே சாயும் தண்டும் உதிரும் மொட்டும் பசியின் அடையாளங்கள் அல்ல. வெளிச்சத்தைத் தேடும் செடிக்குத் தழைச்சத்தைக் கொட்டினால் இன்னும் நெட்டையாக வளருமே தவிர, காய்க்காது.

4. செந்தூல் ஏழாம்மாடி எழுதியது:

பால்கனியில் நின்றால் நேர் எதிரே பத்துமலையின் சுண்ணாம்புக் குன்று தெரிகிறது, ஆகவே வடக்கு. ஜூலையில் காலையிலும் மாலையிலும் நல்ல வெயில் விழுந்தது. இப்போது வெயில் விழுவதில்லை என்பதை நீங்கள் கேட்ட பிறகுதான் கவனிக்கிறேன். எதிரே புதிய கட்டடம் எதுவும் எழவில்லை. மழைக்காலத்து மேகமூட்டம் என்றே நினைத்திருந்தேன்.

5. கெப்போங் கங்குங் எழுதியது:

மேகம் அல்ல, சூரியன்தான் உங்கள் கட்டடத்தின் மறுபக்கம் போய்விட்டது. இதை நான் மூன்று ஆண்டு வெண்டை போட்டுத் தோற்ற பிறகே புரிந்துகொண்டேன் என்பதால், கொஞ்சம் விரிவாக எழுத அனுமதியுங்கள்.

கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் இருக்கிறது. மார்ச் கடைசி வாரத்தில் உச்சிப்பொழுதுச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அதன்பின் வடபுறம் சாய்கிறது. ஜூன் 21 வாக்கில் உச்சியிலிருந்து 20 பாகை வடக்கே நிற்கும். திரும்பி வந்து செப்டம்பர் நடுவில் மறுபடி தலைக்கு நேராகி, பிறகு தென்புறம் இறங்கி, டிசம்பர் 22 வாக்கில் 26 பாகைக்கும் சற்று அதிகமாகத் தெற்கே போய்விடும். ஆகவே வடக்குப் பார்த்த பால்கனிக்கு மார்ச் இறுதி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரைதான் நேர்வெயில். மற்ற ஆறு மாதமும் வானத்து வெளிச்சம் மட்டுமே. தெற்குப் பார்த்த வீட்டுக்காரருக்கு இது அப்படியே தலைகீழ். கிழக்கும் மேற்கும் பார்த்த வீடுகளுக்கு ஆண்டு முழுவதும் அரை நாள் வெயில் உண்டு.

பகல் பொழுது இங்கே ஆண்டு முழுவதும் 12 மணி நேரத்தை ஒட்டியே இருப்பதாலும், பனிக்காலம் என்று ஒன்று இல்லாததாலும், "மலேசியாவில் எப்போது வேண்டுமானாலும் விதைக்கலாம்" என்று சொல்லிவிடுகிறோம். கொல்லை உள்ளவருக்கு அது சரி. மூன்று பக்கம் சுவரும் மேலே இன்னொருவர் வீட்டுத் தளமும் உள்ள நமக்கு, பருவம் என்பது வெயில் வீட்டுக்குள் வரும் ஆறு மாதம்தான். உங்கள் வெண்டை பூத்தது செப்டம்பர் முதல் வாரம். வெயில் விடைபெற்றது அடுத்த பத்து நாளில். அந்த மிச்சத்தில்தான் நீங்கள் இரண்டு வாரம் காய் பறித்தீர்கள்.

இனி வரும் மாதங்களுக்கு நிழலைப் பொறுத்துக்கொள்ளும் பயிர்களை வையுங்கள். வல்லாரை, பண்டான், கற்பூரவள்ளி, புதினா, செக்கூர் மானிஸ் கீரை ஆகியவை வரும். கங்குங் இப்போதும் வரும். நான்கு வாரம் என்பது ஐந்தரை வாரமாகும், அவ்வளவுதான்.

6. பட்டர்வொர்த் ஓய்வாசிரியை எழுதியது:

கெப்போங் தம்பி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பாட்டியின் பழமொழியைக் குறை சொல்லிவிட வேண்டாம். தமிழ்நாட்டில் ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்றின் புண்ணியத்தால் காவிரியில் புதுநீர் வரும்; அப்போது விதைத்த பயிர் வேரூன்றி நிற்கும்போது ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்து சேரும். அந்த மண்ணுக்கு அது துல்லியமான கணக்கு. கோலாலம்பூரிலோ தென்மேற்குக் காற்றுக் காலமான ஜூன், ஜூலை சற்று வறண்டவை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும்தான் பிற்பகல் இடிமழை கொட்டுகிறது. எங்கள் பினாங்குப் பக்கம் செப்டம்பரும் அக்டோபரும் மழை மிகுந்தவை. ஜனவரி, பிப்ரவரியில் மண் வெடிக்கும் அளவுக்குக் காய்ந்துவிடும். பொங்கலுக்குக் கரும்பு வாங்கி வரும்போது நான் என் செடிகளுக்கு இரண்டு வேளை நீர் ஊற்றிக்கொண்டிருப்பேன். ஒரே நாட்டுக்குள்ளேயே கணக்கு இப்படி வேறுபடுகிறது.

தக்காளிக்கு வருகிறேன். அதில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் உள்ளன. பூ உதிர்ந்ததற்குக் காரணம் இரவு வெப்பம். இரவில் 21 பாகைக்கு மேல் போனால் சாதாரணத் தக்காளியின் மகரந்தம் நலிந்து, பிஞ்சு பிடிப்பது குறைந்துவிடும். செந்தூலில் இரவில் 24 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது. நம் சந்தைத் தக்காளி கேமரன் மலையிலிருந்து வருவது சும்மா இல்லை. சமவெளிக்கென்று உருவாக்கிய வகைகளும், சிறு பழம் காய்க்கும் செர்ரி வகைகளும் ஓரளவு தாங்கும்.

செடி செத்ததற்குக் காரணம் வேறு என்று அஞ்சுகிறேன். பச்சையாக இருக்கும்போதே, ஈரமண்ணில் நின்றபடியே தொங்கிச் சாவது பாக்டீரியா வாடல் நோயின் அடையாளம். ரால்ஸ்டோனியா என்ற நுண்ணுயிர் மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறி, நீர் போகும் குழாய்களை அடைத்துவிடுகிறது. நீங்கள் எவ்வளவு ஊற்றினாலும் அது இலைக்குப் போய்ச் சேராது. சோதிக்க எளிய வழி உண்டு. மூன்றாவது செடியின் தண்டை மண்ணுக்குச் சற்று மேலே, ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டுமுனை நீரைத் தொடும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால்போல வெண்ணிழை கீழே இறங்கினால், அதுதான். அந்தக் குவளை நீரைச் செடிகளுக்கு ஊற்றிவிடாதீர்கள்.

7. செந்தூல் ஏழாம்மாடி எழுதியது:

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். இன்று மாலை பாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்து பார்த்தேன். மூன்றாம் நிமிடத்தில் ஊதுவத்திப் புகை தலைகீழாக இறங்குவதுபோல ஒரு வெண்ணிழை இறங்கியது. கால் மணி நேரத்தில் குவளை முழுவதும் கலங்கிவிட்டது. பாட்டி நெடுநேரம் பார்த்துவிட்டு, "எங்கள் லயத்துத் தக்காளியும் இப்படித்தான் செத்தது, நாங்கள் கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டோம்" என்றார்.

கீழ்மாடிக்காரரின் கத்தரி எப்படிப் பட்டுப்போனது என்றும் கேட்டேன். "திடீரென்று தொங்கிவிட்டது" என்றார்.

8. புக்கிட் ஜாலில் மண்வெட்டி எழுதியது:

என் யோசனையை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். திசையைக் கேட்காமல் எழுதியது தவறு. ஆனால் ஆறாவது பெட்டி மண்ணை ஏன் வீணாக்க வேண்டும்? கறுப்பு நெகிழித் தாளால் மூடி வெயிலில் காய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று படித்திருக்கிறேன்.

9. பட்டர்வொர்த் ஓய்வாசிரியை எழுதியது:

நேர்வெயிலே இல்லாத வடக்குப் பால்கனியில் எதைக் காய வைப்பது? திறந்த வெளியில்கூட அந்த முறை இந்த நோயை முழுமையாக ஒழிப்பதில்லை. கிருமி ஆண்டுக்கணக்கில் மண்ணில் பதுங்கியிருக்கும். பெட்டி மண் விலை பதினைந்து வெள்ளிக்குள் அடங்கும். நானாக இருந்தால் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, பெட்டியையும் கைக்கரண்டியையும் குளோராக்ஸ் (வெளுப்பு நீர்மம்) கலந்த நீரில் கழுவிவிடுவேன். வைத்துக்கொண்டே ஆக வேண்டும் என்றால், தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம் என்பதை மறவாமல், அதில் கங்குங் மட்டும் போடுங்கள். அந்த மண் பட்ட கையோடு மிளகாய்ச் செடியைத் தொடாதீர்கள்.

கத்தரியோ தக்காளியோ மறுபடி வைக்க ஆசை வந்தால், சுண்டைச் செடியின் அடித்தண்டில் ஒட்டுக்கட்டிய கன்று கேளுங்கள். சுண்டை வேர் இந்த நோயைப் பெரிதும் தாங்கும். இங்கே மலாய்க்காரர்கள் திரோங் பிப்பிட் என்பது அதைத்தான்.

10. ஆயர் ஈத்தாம் மிளகாய் எழுதியது:

பாகல் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். பாகலில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியாகப் பூக்கும். முதல் சில வாரம் ஆண் பூக்கள் மட்டுமே வரும். பெண் பூவின் அடியில் சொரசொரப்பான குட்டிப் பாகல் ஒன்று முன்பே இருக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஏழாம் மாடிக்குத் தேனீ அரிதாகவே வரும். ஆகவே ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். காலையில் பூ விரிந்த ஓரிரு மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். தமிழ்நாட்டுக் காணொளிகளில் காலை ஆறு மணி என்பார்கள். நமக்கு அப்போது இருட்டு. 1982ஆம் ஆண்டு பிறந்தபோது தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதிலிருந்து, இங்கே விடிவதே ஏழு மணி வாக்கில்தான். உச்சிவெயில் ஒரு மணி வாக்கில். ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள்.

உள்ளே நெளிந்தது பழ ஈயின் புழு. பிஞ்சின் தோலைத் துளைத்து ஈ முட்டையிட்ட பிறகு எந்த மருந்தும் பயனில்லை. பிஞ்சு சுண்டுவிரல் அளவு ஆனதும், செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி மாட்டி, மேல் முனையைக் காம்போடு சேர்த்து மூடிவிடுங்கள். பழைய தமிழ் நாளிதழ் போதும். நான்கு பக்கத்தில் எட்டுப் பாகல் அடங்கும்.

மிளகாய்த் தளிர் எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். ஓரம் மேல்நோக்கிப் படகுபோல வளைந்தால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, தளிர் தடித்து ஒடுங்கினால் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பூச்சி. முன்னதற்கு வேப்பெண்ணெய்க் கரைசலை அந்தி வேளையில் இலையின் அடிப்பக்கத்தில் தெளிக்கலாம். பின்னதற்கு நனையும் கந்தகம். இரண்டையும் ஒரே வாரத்தில் தெளித்தால் இலை கருகிவிடும். குறைந்தது இரண்டு வார இடைவெளி விடுங்கள். நான் விடாமல் ஒரு செடியை இழந்தேன்.

11. செர்டாங் பப்பாளி எழுதியது:

பப்பாளி மூன்றையும் பால்கனியில் வைத்துக் காத்திருப்பது வீண் என்பது என் கருத்து. அது நாள் முழுவதும் வெயில் கேட்கும் மரம். குடியிருப்பின் நிர்வாகக் குழுவிடம் கேட்டுக் கீழே ஓர் ஓரத்தில், தண்ணீர் தேங்காத மேட்டில் நடுங்கள்.

மூன்றையும் இரண்டடி இடைவெளியில் சேர்த்தே நட்டு, பூக்கும் வரை ஒன்றையும் வெட்டாதீர்கள். கடையில் விற்கும் நீண்ட பழம் இருபால் பூ மரத்தினுடையது. அது தன் மகரந்தத்தாலேயே காய்த்ததாக இருந்தால், விதைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இருபால் மரமாகவும், ஒரு பங்கு பெண் மரமாகவும் வரும். கன்றைப் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. பூ ஒல்லியாக, உள்ளே மகரந்தத் தாள்களோடு இருந்தால் இருபால். அடி பருத்து, தாள் இல்லாமல் இருந்தால் பெண். ஒல்லிப் பூ மரம் ஒன்றை நிறுத்திவிட்டு மற்றவற்றை நீக்குங்கள்.

ஒரு கிளைக்கதை: அந்தக் கடைப்பழம் எக்சோத்திக்காவாக இருந்தால், அது எங்கள் ஊர்ப் பிள்ளை. ஹவாயின் சன்ரைஸ் சோலோவையும் உள்ளூர்ச் சுபாங் வகையையும் கலந்து, மார்டி ஆய்வு நிலையம் 1987ஆம் ஆண்டு வெளியிட்டது.

12. கெப்போங் கங்குங் எழுதியது:

பழம் வேண்டுமென்றால் பால்கனிக்கு லீமாவ் கஸ்தூரி என்ற சிறு எலுமிச்சை வையுங்கள். பதியன் போட்டதையே வாங்குங்கள். "பதியன்" என்று ஒரு கடையில் நான் வாங்கிவந்த கொய்யா விதைக்கன்றாக இருந்து, மூன்றாம் ஆண்டும் பூக்கவில்லை. வாங்கும்போதே காயோ பூவோ உள்ள செடியாகப் பார்த்து எடுங்கள்.

இன்னும் இரண்டு. நாற்பது லிட்டர் பெட்டி நனைந்தால் எடை ஐம்பது கிலோவைத் தொடும். எதையும் கைப்பிடிச் சுவர் மேல் வைக்காதீர்கள், கீழே குழந்தைகள் விளையாடுவார்கள். பெட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழெட்டு நாள் போதும். முட்டைகள் காய்ந்த விளிம்பில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும் என்பதால், நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்தின்படி அபராதம் வீட்டுக்காரருக்குத்தான், கொசுவுக்கு அல்ல.

13. செந்தூல் ஏழாம்மாடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒரு வாரத்தில் செய்தவற்றைப் பதிகிறேன்.

ஆறாவது பெட்டி மண்ணைப் பையில் கட்டி எறிந்துவிட்டேன். கீழ்மாடிக்காரரிடமும் சொன்னேன், அவர் அதே தொட்டியில் நட்டிருந்த புதிய கத்தரிக் கன்றைப் பார்த்து முகம் சுளித்தார். மிளகாய்த் தளிர் கீழ்நோக்கியே கவிழ்ந்திருக்கிறது. ஒருமுறை கந்தகம் தெளித்தேன். பாகலில் முந்தாநாள் இரண்டு பெண் பூக்கள் கிடைத்தன. எட்டு மணிக்கு மனைவி மகரந்தம் தடவினார். ஒன்று வாடிவிட்டது, மற்றது பச்சையாக நிற்கிறது. பப்பாளியைக் கீழே நட நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை.

வெண்டையை வெட்டிவிட்டு அந்தப் பெட்டிகளில் வல்லாரையும் செக்கூர் மானிஸ் குச்சியும் நட்டாயிற்று. ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். வெயில் திரும்புவது மார்ச் கடைசி என்றால், வெண்டையை அப்போது விதைப்பதா, அதற்கு முன்பா?

14. கெப்போங் கங்குங் எழுதியது:

மார்ச் 10 வாக்கில் விதையை ஓர் இரவு ஊறவைத்துப் போடுங்கள். நான்காவது இலை விடும்போது வெயில் கம்பியைத் தாண்டி உள்ளே வந்திருக்கும். ஏப்ரல் இறுதியில் பூக்கும். பிற்பகல் மழை வலுக்கும் காலம் என்பதால் குச்சி ஊன்றிக் கட்டுங்கள். செப்டம்பர் வரை நான்கு மாதத்துக்கு மேல் பறிக்கலாம். பாட்டி ஆடி என்று பிடிவாதம் பிடித்தால், அவருக்காக ஒரு பெட்டியில் ஆடி பிறந்ததும் கங்குங் போட்டுவிடுங்கள்.